பழைய காருக்கு டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி சுருக்கமாக இது: கார் 20 ஆண்டுகள் பழையது. என்ஜினின் வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே கணக்கில் ஓட வைக்கும் பல் வைத்த ரப்பர் பெல்ட்டை, அதாவது டைமிங் பெல்ட்டைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று தெரியவில்லை. கார் கம்பெனியின் ஒரிஜினல் ஸ்பேர் வாங்குவதா, வெளி கம்பெனி கிட் (பெல்ட்டும் அதோடு மாற்றும் பாகங்களும் சேர்ந்த பெட்டி) வாங்குவதா? என்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட்டைச் சுற்ற வைக்கும் வாட்டர் பம்ப் நன்றாகத்தானே ஓடுகிறது, அதையும் சேர்த்து மாற்றத்தான் வேண்டுமா?

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். முன்பு எப்போது மாற்றியது என்று தெரியாத பெல்ட்டை, காலாவதியான பெல்ட்டாகவே கருத வேண்டும், உடனே மாற்றுங்கள். பெல்ட்டால் சுழலும் பம்ப் என்றால் அதையும் சேர்த்தே மாற்றுங்கள். வெளி கம்பெனி கிட் வாங்குவதில் தவறில்லை. ஆனால் வாங்கும்போது பெட்டியின் மேலுள்ள பெயரைப் பார்க்காமல், உள்ளே இருக்கும் டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிப்பது), ஐட்லர் (பெல்ட்டுக்கு வழிகாட்டும் கப்பி), பம்ப் ஆகியவற்றின் பேரிங்கை யார் செய்தது என்று பாருங்கள். எல்லோரும் பெல்ட்டின் தரத்தைப் பற்றியே பேசுகிறார்கள். நல்ல கம்பெனி பெல்ட் தானாக அறுந்து போவது அபூர்வம். டென்ஷனர் பேரிங் இறுகிப் போகும், ஐட்லர் கப்பி ஆட்டம் காணும், பம்ப் ஷாஃப்ட் சாயும், வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டின் சீலிலிருந்து ஆயில் கசிந்து ரப்பரை ஊற வைக்கும். இவற்றில் ஏதோ ஒன்று பெல்ட்டைக் கொல்கிறது. பழி மட்டும் பெல்ட் மேல் விழுகிறது.

உங்கள் என்ஜின் எந்த வகை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும் வகையா, மோதாத வகையா? டீசல் என்ஜின்கள் கிட்டத்தட்ட எல்லாமே மோதும் வகை. பெட்ரோலில் இரண்டும் உண்டு. டொயோட்டாவின் 5எஸ்-எஃப்இ, வோல்வோவின் பழைய பி230எஃப் போன்றவை மோதாதவை. பெல்ட் அறுந்தால் வண்டி நின்றுவிடும், புது பெல்ட் போட்டால் மறுபடி ஓடும். சுபாருவின் ஈஜே25, ஹோண்டாவின் ஜே35 போன்றவற்றில் பெல்ட் அறுந்தால் வால்வுகள் வளையும், சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும். மோதும் வகை என்றால் கிட்டில் மிச்சம் பிடிப்பதில் அர்த்தமே இல்லை.

ஒரிஜினல் ஸ்பேர் என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். கார் கம்பெனிகள் பெல்ட் செய்வதில்லை. கேட்ஸ், கான்டினென்டல், டேக்கோ, மிட்சுபோஷி, பாண்டோ போன்ற சிலர்தான் செய்கிறார்கள். கார் கம்பெனி அதைத் தன் பெட்டியில் போட்டு விற்கிறது. பேரிங்குகளும் அப்படித்தான்: ஐஎன்ஏ, எஸ்கேஎஃப், என்டிஎன்-எஸ்என்ஆர், கோயோ, என்எஸ்கே. பம்ப் என்றால் ஐசின், கிராஃப், ஹெப்பு, டோல்ஸ், சலேரி போன்ற பெயர்கள். ஆகவே அதே பாகத்தை, செய்தவரின் சொந்தப் பெட்டியில் குறைந்த விலைக்கு வாங்கலாம். டொயோட்டாவுக்கான ஐசின் கிட்கள் இதற்கு நல்ல உதாரணம்: பம்ப் ஐசினுடையது, பெல்ட்டும் பேரிங்கும் ஜப்பானிய தயாரிப்பாளர்களுடையவை. வண்டி ஃபேக்டரியிலிருந்து வந்தபோது இருந்த சேர்க்கைக்கு இது ரொம்பவே நெருக்கம்.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. கிட் என்பது பெரும்பாலும் கலவை. பெல்ட் கம்பெனியின் கிட்டில் பெல்ட் அவர்களுடையதாக இருக்கும். டென்ஷனர் வேறு யாரிடமிருந்தோ வந்திருக்கும். பேரிங் கம்பெனி கிட்டில் இது தலைகீழ். அதில் தப்பில்லை, வாங்கிச் சேர்த்தவர் யாரைத் தேர்ந்தெடுத்தார் என்பதுதான் கேள்வி. அதனால் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு கப்பியையும் கையில் எடுங்கள். பேரிங்கின் உலோக வளையத்திலோ சீலின் மேலோ தயாரிப்பாளர் பெயரும் எண்ணும் பொறித்திருக்கும். பெயரே இல்லாத பேரிங் என்றால் நான் பெட்டியை மூடித் திருப்பிக் கொடுத்துவிடுவேன். விரலில் வைத்துச் சுற்றிப் பாருங்கள்: புது பேரிங் கிரீஸின் இழுவையோடு மெதுவாகச் சுற்றி நிற்க வேண்டும். விர்ரென்று வெகுநேரம் சுற்றினால் உள்ளே கிரீஸ் போதவில்லை. கரகரவென்றால் சொல்லவே வேண்டாம்.

பெயரே கேள்விப்படாத கம்பெனிகளின் மலிவு கிட்களில் பெல்ட் மட்டும் நல்ல பெயரோடு வருவதும் உண்டு. பெல்ட்டைக் காட்டிக் கிட்டை விற்கும் உத்தி அது. வசதி குறைவாக இருந்தால் நேர்மாறாகச் செய்யுங்கள்: பெல்ட், டென்ஷனர், பம்ப் மூன்றையும் தனித்தனியாக நல்ல கம்பெனிகளிலிருந்து வாங்குங்கள். சில நேரம் அது கிட்டைவிட மலிவாகவே முடியும்.

பெல்ட்டைப் பற்றி. அந்தக் காலப் பெல்ட்டுகள் குளோரோபிரீன் ரப்பரில் செய்யப்பட்டவை. வெப்பத்தில் இறுகி, வெடிப்பு விட்டு, கண்ணுக்கே தெரியும்படி முதுமை காட்டும். இப்போது நல்ல பெல்ட்டுகள் ஹெச்என்பிஆர் எனப்படும் ஹைட்ரஜனேற்றிய நைட்ரைல் ரப்பரில் வருகின்றன. உள்ளே கண்ணாடி இழைக் கயிறு, பற்களின் மேல் நைலான் துணி. வெப்பத்தையும் ஆயிலையும் இவை இன்னும் கொஞ்சம் தாங்கும். ஆனால் இவை வெடிப்பு காட்டாமலே உள்ளே பலம் இழக்கும். ஆகவே கவரைத் திறந்து பார்த்து, ‘பெல்ட் புதுசு போல இருக்கு, இன்னும் ஓட்டலாம்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வெடிப்பு இருந்தால் கெட்டது நிச்சயம். இல்லாவிட்டால் நல்லது என்பதற்கு அது சாட்சியாகாது. பல கார்களுக்கு மேனுவல் சொல்லும் கெடு 1,00,000 முதல் 1,60,000 கி.மீ. வரை இருக்கும், சில பழைய மாடல்களுக்கு 60,000 கி.மீ.தான். கூடவே ஆண்டுக் கணக்கும் இருக்கும், எது முதலில் வருகிறதோ அது. குறைவாக ஓடும் பழைய வண்டிகளில் ஆண்டுக் கணக்குதான் முதலில் வரும்.

பெல்ட் வாங்கும்போது நான்கு விஷயம் பொருந்த வேண்டும்: பற்களின் எண்ணிக்கை, பல்லுக்குப் பல் இடைவெளி, பல்லின் வடிவம், அகலம். இடைவெளி பெரும்பாலும் 8 மி.மீ. அல்லது 9.525 மி.மீ. வடிவத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பழைய வடிவம் சரிவக வடிவப் பல். பின்னால் வந்தது வட்டப் பல். இரண்டும் பார்வைக்கு ஏறக்குறைய மாட்டிவிடும் போலத் தோன்றும், மாட்டினால் ஓடவும் ஓடும். பல் அடிவாரத்தில் உட்காராமல் நுனியில் சுமை ஏறி, சில ஆயிரம் கி.மீ.க்குள் பல் உரிந்துவிடும். ஒரே என்ஜினுக்கு ஆண்டு நடுவில் பல்சக்கரத்தை மாற்றியிருப்பார்கள். அதனால் மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காமல் என்ஜின் குறியீடும் சேசிஸ் எண்ணும் கொடுத்து வாங்குங்கள்.

பழைய வண்டிக்காரர்களுக்கே உரிய ஒரு வலை, பழைய சரக்கு. உற்பத்தி நின்றுபோன மாடலுக்கு, கடை அலமாரியில் வருடக்கணக்காகக் கிடந்த ஒரிஜினல் பெல்ட் கிடைத்தால் மனம் துள்ளும். ரப்பர் பெட்டிக்குள்ளும் முதுமையடைகிறது. பம்பின் சீலும் ஓ-ரிங்கும் அப்படியே. வெப்பமும் வெளிச்சமும் படாமல் வைத்திருந்தால் சில ஆண்டுகள் பரவாயில்லை. 10 ஆண்டைத் தாண்டிய பெல்ட்டை, எந்தப் பெரிய பெயர் போட்டிருந்தாலும் மாட்டாதீர்கள். தயாரிப்புத் தேதிக் குறியீடு பெல்ட்டின் முதுகில் அச்சாகியிருக்கும், படிக்கத் தெரியவில்லை என்றால் கடைக்காரரையே படித்துக் காட்டச் சொல்லுங்கள். மடித்துக் கட்டி, ஆணியில் தொங்கவிட்டு வைத்திருந்த பெல்ட்டும் வேண்டாம். கூர்மையாக மடிந்த இடத்தில் கண்ணாடி இழை நொறுங்கிவிடும், வெளியே எதுவும் தெரியாது. வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகும் இதே எச்சரிக்கைதான்: முறுக்காதீர்கள், உட்புறம் வெளியே திருப்பிப் பார்க்காதீர்கள்.

போலிகளும் இந்தப் பெரிய பெயர்களைத்தான் குறிவைக்கின்றன. அச்சு மங்கல், எழுத்துப் பிழை, பெட்டி எண்ணும் பாகத்தின் எண்ணும் ஒத்துப்போகாமை, பெல்ட் முதுகின் எழுத்து நகத்தால் சுரண்டினால் உதிர்வது, எல்லாம் அடையாளங்கள். பல கம்பெனிகள் பெட்டிக்குப் பெட்டி தனிக் குறியீடு ஒட்டுகின்றன, போனில் ஸ்கேன் செய்து சரிபார்க்கலாம். நம்ப முடியாத தள்ளுபடி என்றால் நம்பாமல் இருப்பதே சரி.

இனி வாட்டர் பம்ப். இங்கேதான் தர வேறுபாடு அதிகம், கவனம் குறைவு.

பம்ப் எதனால் சுழல்கிறது என்று பாருங்கள். டைமிங் பெல்ட்டே அதைச் சுற்றுகிறது என்றால் சேர்த்து மாற்றுவதில் விவாதமே இல்லை. வேலைக்கூலியில் பெரும்பங்கு முன்பக்கத்தைப் பிரிப்பதற்கே போகிறது. பம்ப் மட்டும் பிறகு போனால் அதே கூலியை மறுபடி கொடுத்து, ஓடிய பெல்ட்டையும் கழற்ற வேண்டியிருக்கும். இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு: தளர்ந்த பழைய பெல்ட்டோடு பழகிய பம்ப் பேரிங் மேல், புது பெல்ட்டின் முழு இழுவிசை திடீரென ஏறுகிறது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பம்ப் சில மாதங்களில் ஒழுகத் தொடங்குவதற்கு இது ஒரு காரணம். பேரிங் இறுகினால் பெல்ட்டின் பற்கள் உரியும். வெளிப்புறத்து ஃபேன் பெல்ட் சுற்றும் பம்ப் என்றால் கட்டாயமில்லை. ஆனால் டைமிங் கவருக்குப் பின்னே ஒளிந்திருந்தால் அதையும் இதே சமயத்தில் முடித்துவிடுவது நல்லது.

பம்பில் பார்க்க வேண்டியவை மூன்று: பேரிங், மெக்கானிக்கல் சீல், இம்பெல்லர் (கூலண்ட்டைத் தள்ளும் சிறு இதழ்ச் சக்கரம்). பேரிங்கை வெளியிலிருந்து பார்க்க முடியாது, ஆகவே தயாரிப்பாளரை நம்பித்தான் வாங்க வேண்டும். ஷாஃப்ட்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் கையில் ஆட்டம் தெரியக் கூடாது. சீல் என்பது இரண்டு வழவழப்பான முகங்கள் ஒன்றையொன்று உரசி நிற்பது. இடையில் கூலண்ட்டின் மெல்லிய படலம்தான் மசகு. நல்ல பம்ப்புகளில் சிலிக்கான் கார்பைடு முகம் இருக்கும், மணல் துகளையும் துருவையும் தாங்கும்.

இம்பெல்லர் பற்றி ஒரு பெரிய சண்டையே நடக்கிறது: உலோகமா, பிளாஸ்டிக்கா? ஃபோக்ஸ்வாகன் குழும என்ஜின்கள் சிலவற்றில் பழைய பிளாஸ்டிக் இம்பெல்லர் வெடித்து, ஷாஃப்ட் சுற்ற, இம்பெல்லர் சும்மா நின்றது. அதிலிருந்து பிளாஸ்டிக் என்றாலே பலருக்கு அலர்ஜி. இதற்கு அடையாளம் விசித்திரமாக இருக்கும்: கூலண்ட் ஒழுகாது, பெல்ட் நன்றாக இருக்கும், ஆனால் பளு ஏறியதும் சூடு ஏறும், ஹீட்டரில் குளிர்ந்த காற்று வரும். இப்போது வரும் நல்ல பிளாஸ்டிக் இம்பெல்லர்கள் கண்ணாடி இழை கலந்த, வெப்பம் தாங்கும் வகை. அலைபோல் வளைந்த இதழ்களோடு நீரோட்டத்தை நன்றாகவே தள்ளும். தகட்டை அழுத்திச் செய்த மலிவு உலோக இம்பெல்லர் துருப்பிடித்து இதழே கரைந்துபோன பம்ப்பும் நிறைய உண்டு. என் கணிப்பில், பொருளைவிட உருவம் முக்கியம். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: இதழின் எண்ணிக்கை, உயரம், விட்டம், வளைவின் திசை, பல்சக்கரத்தின் பற்கள், என்ஜினில் உட்காரும் ஃபிளேஞ்சிலிருந்து (விளிம்பு முகம்) கப்பி நிற்கும் தூரம். கப்பி 1 மி.மீ. வெளியே நின்றாலும் பெல்ட் ஓரமாக ஓடி, விளிம்பு பிசிறிடும். எதிர்த்திசையில் சுழலும் பம்ப்பை அதே உடலோடு செய்திருப்பார்கள், இதழ் வளைவு மட்டும் மாறியிருக்கும். இதை மாட்டினால் என்ஜின் சூடாகும், காரணம் பிடிபடவே வெகுநாள் ஆகும். பழைய பம்ப்பைப் புதுப்பித்து விற்பதை வாங்காதீர்கள்.

பழைய பம்ப்பைத் தூக்கி எறியும் முன் படியுங்கள், அது வண்டியின் கதையைச் சொல்லும். சீல் ஒழுகினால் கூலண்ட் வெளியேற பம்ப் உடலில் வைத்த சிறு கசிவுத் துளையைச் சுற்றிக் காய்ந்த கறை கனமாக இருந்தால் சீல் ஏற்கனவே போய்விட்டது. இதழிலும் உடலிலும் பொடிப்பொடி குழிகள் என்றால் கேவிட்டேஷன், அதாவது நீராவிக் குமிழி வெடித்த அரிப்பு: ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடிக்கவில்லை அல்லது கூலண்ட் குறைவாக ஓடியிருக்கிறது. துரு சேறு என்றால் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். இதையெல்லாம் சரிசெய்யாமல் புது பம்ப் மாட்டினால் இதுவும் அதே வழியில் போகும். வெளிப்புற விசிறி பம்ப் ஷாஃப்ட்டிலேயே உட்காரும் வண்டிகளில் விசிறி இதழ் உடைந்தோ வளைந்தோ இருந்தால், அந்த அதிர்வு பேரிங்கைத் தின்றுவிடும், அதையும் பாருங்கள்.

மாட்டும்போது எங்கே தவறு நடக்கிறது என்று சொல்கிறேன். கூலண்ட் முழுவதும் வடித்து, சிஸ்டத்தைச் சுத்தமான தண்ணீரால் அலசிய பிறகே பம்ப்பை மாட்டுங்கள். பம்ப் உட்காரும் என்ஜின் பிளாக்கின் முகத்தில் பழைய கேஸ்கெட் (கசிவைத் தடுக்க இடையில் வைக்கும் தாள்) ஒட்டியிருக்கும். கூர்மையான இரும்பால் அலுமினியத்தைக் கீறாமல் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். ஓ-ரிங் வைத்த பம்ப்புக்கு சீலன்ட் தடவக் கூடாது. ஓ-ரிங்கைக் கூலண்ட்டில் நனைத்து வையுங்கள், பெட்ரோலிய கிரீஸ் பட்டால் ஊதிவிடும். காகிதக் கேஸ்கெட்டுக்குச் சீலன்ட் தேவையா என்பதை கேஸ்கெட்டோடு வந்த தாளிலோ மேனுவலிலோ பாருங்கள். மேனுவலே திரவக் கேஸ்கெட் சொன்னால் 2 முதல் 3 மி.மீ. கோடு போதும். அதிகம் வைத்தால் உள்ளே பிதுங்கி, உரிந்து, ரேடியேட்டர் குழாயையோ சீல் முகத்தையோ அடைக்கும். எம்6 போல்ட்டுகளுக்குப் பொதுவாக 10 முதல் 15 நியூட்டன் மீட்டர்தான். மேனுவல் சொல்வதே முடிவு. குறுக்கு வரிசையில் இறுக்குங்கள். பம்ப்பைத் தண்ணீர் இல்லாமல் சுற்ற விடாதீர்கள், கூலண்ட் நிரப்பாமல் ‘சத்தம் கேட்டுப் பார்க்கலாம்’ என்று சில நொடி ஓட்டினாலே சீல் முகம் எரிந்து போகும். கூலண்ட் உங்கள் காருக்குச் சொன்ன வகை, கனிமமில்லாத தண்ணீரோடு பாதிக்குப் பாதி. இரண்டு வகையைக் கலக்க வேண்டாம்.

டென்ஷனரைப் பொறுத்தவரை மூன்று வகை உண்டு: கையால் திருப்பி இறுக்கும் வகை, ஸ்பிரிங் வகை, ஆயில் நிரப்பிய ஹைட்ராலிக் வகை. ஹைட்ராலிக்கை வைஸில் நிமிர்த்தி வைத்து, மெதுவாக அழுத்தி, ராட் மறுபடி நீளாதபடி ஒரு பூட்டு ஊசியை (பின்) சொருகி வைப்பார்கள். வேகமாக அழுத்தினால் உள் சீல் போய்விடும். ராடைச் சுற்றி ஆயில் ஈரம் இருந்தாலோ, கையால் எளிதாக அமுங்கினாலோ மாற்றுங்கள். புதியது ஏற்கனவே பின்னோடு வரும். பெல்ட்டை மாட்டி, கப்பிகளை இறுக்கிய பிறகே பின்னை இழுக்க வேண்டும். ஸ்பிரிங் வகையில் ஸ்பிரிங்கும் பழையதாகிறது, அதைக் கிட்டோடு வாங்குங்கள். ஹோண்டாவின் பழைய 4 சிலிண்டர் என்ஜின்கள் பலவற்றில் இன்னொரு நுணுக்கம்: கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) எதிர்க் கடிகாரத் திசையில் சுழலும்; டென்ஷனர் போல்ட்டைத் தளர்த்தி, கேம் கப்பி மூன்று பல் நகரும்வரை அந்தத் திசையிலேயே திருப்பி, பிறகு இறுக்க வேண்டும். இழுவிசை கூடினால் சீட்டியடிக்கும், பேரிங்குகள் சீக்கிரம் தேயும். குறைந்தால் ஸ்டார்ட் செய்யும்போது ஒரு பல் தாவும். ‘விரலால் 90 டிகிரி முறுக்கிப் பார்ப்பது’ என்று பலர் சொல்லும் வழி, மேனுவல் அனுமதித்த என்ஜினுக்கு மட்டுமே.

பேலன்ஸ் ஷாஃப்ட் (அதிர்வைக் குறைக்கும் தண்டு) உள்ள என்ஜினில் இரண்டாவது சின்ன பெல்ட் இருக்கும்: மிட்சுபிஷி 4ஜி63, ஹோண்டா எஃப்22 போன்றவை. அதையும் மாற்றாமல் விட்டால், அது அறுந்து டைமிங் பெல்ட்டுக்குள் சிக்கிக்கொள்ளலாம். 4ஜி63-ல் ஆயில் பம்ப்பின் பல்சக்கரக் குறி சரியாக நின்றாலும், பேலன்ஸ் ஷாஃப்ட் அரைச்சுற்று தவறி நிற்கலாம். பிளாக்கின் பக்கத்துத் துளையில் 8 மி.மீ. தடிமன் ஸ்க்ரூ டிரைவரைச் சொருகினால் 60 மி.மீ. ஆழம் போக வேண்டும், 20–25 மி.மீ.யில் தட்டினால் பல்சக்கரத்தை ஒரு சுற்று திருப்பி மறுபடி பாருங்கள்.

எல்லாம் மாட்டியதும் கிராங்க் போல்ட்டில் ரெஞ்ச் போட்டு, என்ஜின் சுழலும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். கடினமாகத் தடுத்தால் உடனே நிறுத்துங்கள், வால்வு மோதுகிறது. இரண்டு சுற்றுக்குப் பிறகு கிராங்க், கேம் கப்பிகளின் குறிகள் மீண்டும் நேராக வர வேண்டும். பெல்ட்டின் மேல் வண்ணத்தால் போட்ட கோடுகள் மட்டும் இப்போது விலகி நிற்கும். அவை மாட்டும்போது உதவத்தான், மீண்டும் ஒன்றுசேர எத்தனையோ சுற்றாகும். இதைத் தெரியாமல் பல் தாவிவிட்டது என்று எண்ணி மறுபடி கழற்றுகிறவர்கள் உண்டு.

கூடவே வாங்க வேண்டியவை: கேம் சீல், கிராங்க் முன் சீல், தெர்மோஸ்டாட், மேனுவல் ஒருமுறைக்கு மட்டும் என்று சொல்லும் போல்ட்டுகள். சீலும் தெர்மோஸ்டாட்டும் மலிவு, மறுபடி பிரிப்பதுதான் செலவு. சீலை உள்ளே ஒரு மி.மீ. கூடுதல் அல்லது குறைவாக அமிழ்த்தினால், ஷாஃப்ட்டில் பழைய சீல் தேய்த்த பள்ளத்தைத் தவிர்த்து ஓட வைக்கலாம். ஆயில் துளையை மூடாத அளவு பாருங்கள். வால்வு கவர் கேஸ்கெட்டும் ஒழுகினால் அதையும் மாற்றுங்கள்.

வண்டி எடுத்த பிறகு, முதல் சில மணி நேரம் ஓடும்போது கசிவுத் துளையில் துளி ஈரம் தெரிவது இயல்பு, சீல் முகங்கள் ஒன்றோடொன்று பழகுகின்றன. சில நூறு கி.மீ. ஓடிய பிறகும் துளி நிற்கவில்லை என்றால் பம்ப்பைத் திருப்பிக் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். அதற்கு ரசீதும் பெட்டியும் தேவைப்படும், அதுவரை இரண்டையும் எடுத்து வையுங்கள்.